பொட்டலேந்தல் விசிலம்மா

சூடாமணி பிறந்து வளர்ந்த சந்தில் திருடனுக்கு வேலையே இருந்ததில்லை. மதுரையில் மகாலுக்குப் பின்பக்கம், எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டிய சந்து அது. இரண்டு பக்கமும் சௌராஷ்டிரக் குடும்பங்கள். வீட்டுக்கு வீடு தறி. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டிலிருந்து மிளகு ரசம் வைக்கச் சொல்லிக் குரல் வரும். புது ஆள் ஒருவன் உள்ளே காலை வைத்தால், அவன் யாரைப் பார்க்க வந்தான், எந்த ஊர், சாப்பிட்டானா இல்லையா என்பதெல்லாம் அவன் அந்த முனையில் வெளியேறுவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கல்யாணமாகியும் சூடாமணி அந்தச் சந்தை விட்டுப் போகவில்லை. மாப்பிள்ளை நாலு வீடு தள்ளித்தான் இருந்தார்.

அப்படிப்பட்டவளை அவள் கணவர் நாகசுப்பிரமணியன் 1981-இல் கொண்டுபோய்ப் பொட்டலில் குடிவைத்தார்.

திருப்பரங்குன்றத்தைத் தாண்டி, ரயில்வே கேட்டைக் கடந்து மண்ரோட்டில் போனால் பொட்டலேந்தல் என்று ஒரு சின்ன ஊர். ஊரைத் தாண்டினால் கண்மாய். அத்தோடு ரோடும் முடிந்துவிடும். ஊர்க்காரர்கள் விற்ற மானாவாரிக் காட்டில் மனை பிரித்து, கிருஷ்ணா நகர் என்று மஞ்சள் பலகை நட்டிருந்தார்கள். நகர் அந்தப் பலகையில்தான் இருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள். வீட்டுக்கு வீடு நடுவே கருவேலம் புதர். சாயப்பட்டறையில் மேற்பார்வை பார்த்த நாகசுப்பிரமணியன் காலையில் சைக்கிளை எடுத்தால் விளக்கு வைக்கும் நேரம்தான் திரும்புவார். பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்விட்டால் அவ்வளவு பெரிய வெளிச்சத்தில் சூடாமணி ஒருத்திதான்.

காற்றில் தகரம் தட்டினால் திருடன் என்று பயந்தாள். பலாப்பழம் விற்கிறவன் கதவைத் தட்டினாலும் திருடனோ என்றுதான் நினைத்தாள். தனியாக இருக்கையில், வீட்டில் ஆள் நிறைய இருப்பதுபோலக் காட்ட, அங்கே இல்லாத மாமனாரோடும் கொழுந்தனோடும் சௌராஷ்டிரத்தில் சத்தமாகப் பேசுவாள். கேட்டவர்கள் புது வீட்டுக்காரம்மாவுக்கு லேசாகக் கிறுக்கு என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

அந்த நாட்களில் அவளுக்கு ஒரே துணை பாண்டியம்மாள். பொட்டலேந்தல்காரி, நகருக்கு விற்ற நிலத்தில் பாதி அவள் குடும்பத்துடையது. மிச்சத்தில் சோளம் போட்டுக்கொண்டு, ஒரு பட்டி வெள்ளாடு வைத்திருந்தாள். தினமும் காலையில் கண்மாய்ப் பக்கம் ஆடு ஓட்டிப் போகும்போது சூடாமணியின் வாசலில் நின்று கீரையோ முருங்கைக்காயோ கொடுப்பாள். "என்ன தாயி, ராத்திரி தூங்குனியா, முழிச்சே கெடந்தியா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள். பதிலுக்குச் சூடாமணி புளியோதரை கொடுப்பாள்.

அந்தச் சிநேகம் ஒரு பித்தளை அண்டாவால் கெட்டது.

சூடாமணியின் அம்மா வீட்டுச் சீர் அது. ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம், அத்தனை பெரிசு. தேய்த்துக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே சோறு வடிக்கப் போனாள். வந்து பார்த்தால் ஈரத் தடம் மட்டும் வட்டமாக இருந்தது.

அழுகையும் ஆத்திரமுமாக இருந்த நேரத்தில் பக்கத்து வீட்டு நாகமணி என்ன ஏது என்று விசாரிக்க வந்தாள். அவளிடம் சூடாமணி வாய் தவறிச் சொல்லிவிட்டாள்: "வெளியாள் யாரும் வரலை. அந்தப் பாண்டியம்மா கொழுந்தன் சின்னக்கருப்பன்தான் வேலை வெட்டி இல்லாம இந்தப் பக்கமே சுத்திக்கிட்டுத் திரியறான்."

சொன்னது மத்தியானம். பொழுது சாயுமுன் பாண்டியம்மாள் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ஏத்தா, என் கொழுந்தனா ஒன் அண்டாவத் தூக்குனான்? வா, வீடு பூராம் தெறந்து போட்டிருக்கேன், வந்து பாரு. அடுப்புக்குள்ள கூடக் கையி விட்டுப் பாரு."

"நான் அப்படிச் சொல்லலைக்கா..."

"சொல்லலையா? நீ சொன்னது கண்மா வரைக்கும் கேட்டுச்சு. அம்புட்டுப் பெரிய அண்டா எங்க வீட்டு வாசல்ல நொழையுமா, அதையாச்சும் ரோசிச்சியா?"

சூடாமணி போய்ப் பார்க்கவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. மறுநாளிலிருந்து பாண்டியம்மாள் ஆடுகளை வேறு வழியாக ஓட்டிப் போனாள். முருங்கைக்காய் நின்றுபோனது. அதைவிட, "தூங்குனியா" என்று கேட்க ஆளில்லாமல் போனது.

களவு மட்டும் நிற்கவில்லை. நாகமணி வீட்டில் கொடியில் காய்ந்த வேட்டிகள் போயின. நாகசுப்பிரமணியனின் சைக்கிள் டைனமோ போனது. ஊருக்குள் ஆடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. நகர்க்காரர்கள் ஊரைச் சந்தேகப்பட்டார்கள். நகர் வந்த பிறகுதான் கண்ட கண்ட ஆளும் வருகிறான் என்று ஊரில் முணுமுணுத்தார்கள்.

ஒருநாள் நகர்ப் பெண்கள் கூடிப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அங்கே இருந்த ஏட்டையா ராதாகிருஷ்ணன் நல்ல மனுஷர், ஆனால் களைத்த மனுஷர். எல்லாரையும் பெஞ்சில் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, எங்க ஸ்டேஷனுக்குக் கீழ எத்தனை ஊரு தெரியுமா? இருக்கறது கொஞ்சப் பேரு. அதுல பாதிப் பேரு பந்தோபஸ்து. சைக்கிள்ல நான் உங்க ஊருக்கு வந்து சேர்றதுக்குள்ள அவன் மேலூரே போயிருவான். நீங்கதான் சாக்கிரதையா இருக்கணும். யாராச்சும் புது ஆளப் பாத்தா சத்தம் போடுங்க. சத்தம்னா களவாணிக்கு ஆகாது."

திரும்பும் வழியெல்லாம் சூடாமணி இதையே யோசித்துக்கொண்டு வந்தாள். சத்தம் போடுவது எப்படி? பயந்தால் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். கத்தினாலும் கருவேலங்காட்டைத் தாண்டாது. அடுத்த வாரம் மதுரைக்குப் போனவள், டவுன்ஹால் ரோட்டில் விளையாட்டுச் சாமான் விற்கிற கடையில் ஏறி, ஒரு பை நிறைய இரும்பு விசில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். எந்தப் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர் என்று கடைக்காரர் கேட்டாராம்.

நகரில் வீட்டுக்கு ஒன்று கொடுத்தாள். கறுப்புக் கயிற்றில் கோத்துத் தாலியோடு தாலியாகக் கழுத்தில் தொங்கவிடச் சொன்னாள். "திருடன்னு தெரிஞ்சா நிறுத்தாம ஊதணும். ஒரு வீட்ல ஊதினா எல்லா வீட்லயும் ஊதணும்" என்பது ஏற்பாடு.

"ஊருக்குள்ள குடுக்கலையா?" என்று நாகசுப்பிரமணியன் கேட்டார்.

சூடாமணி ரசத்துக்குத் தாளித்தாள்.

விசில் வந்த பிறகு கிருஷ்ணா நகரில் அமைதி போயிற்று. ஒரு நல்ல பொருள் கையில் இருக்கும்போது திருடனுக்காக மட்டும் காத்திருக்க யாருக்குப் பொறுமை? கோலத்தை மாடு மிதித்தால் விசில். கணவன் சாப்பாட்டுத் தூக்கை மறந்து சைக்கிளில் கிளம்பினால் விசில். எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் லாரி. வாரத்தில் இரண்டு தடவை வரும் அந்த லாரியை யார் முதலில் பார்த்தாலும் பூமி அதிர ஊதுவார்கள். மற்றவர்கள் குடத்தோடு ஓடி வருவார்கள்.

ரயில்வே கேட்காரர் சுருளி ஒருநாள் பச்சைக்கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராகச் சூடாமணியின் வீட்டுக்கு வந்தார்.

"யம்மா, இந்த விசில் ஏவாரம் நீங்கதான் ஆரம்பிச்சீங்களாமே? நீங்க ஊதுற ஊதுக்கு, கார்டுதான் ஊதுறாருன்னு நெனச்சு நான் சோத்துல கைய வச்சவன் எந்திரிச்சு ஓடியாறேன். பாத்தா ரயிலக் காணோம். இப்படியே போனா எனக்கு வகுத்து வலிதான் மிச்சம்."

"மன்னிச்சுக்குங்கண்ணே. இனிமே திருடனுக்கு மட்டும்தான்" என்றாள் சூடாமணி.

"திருடன் வந்தா நல்லா ஊதுங்க. நானும் கேட்டுக்கிடுறேன்" என்று சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் லாரிக்கு ஊதுவது நிற்கவில்லை.

பங்குனி வெயில் நல்ல சூடு ஏறியிருந்த ஒரு மத்தியானம். சூடாமணி மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து, கூழ் வடகம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் வற்றிப்போன கண்மாய் முழுக்கத் தெரியும். உள்ளே பாண்டியம்மாளின் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பாண்டியம்மாளைக் காணோம், கஞ்சி குடிக்க ஊருக்குள் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். பேச்சு இல்லாவிட்டாலும் அவள் எப்போது போவாள், எப்போது வருவாள் என்பது சூடாமணிக்கு அத்துப்படி.

அப்போது ஒரு வெள்ளை அம்பாசிடர் கார் மெதுவாக வந்து கண்மாய்க் கரையில் நின்றது. அந்த ரோட்டில் கார் வருவதே அபூர்வம். பெண் பார்க்க வந்தவர்கள் வழி தவறி வந்துவிட்டார்களோ என்று சூடாமணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் கையில் ஆட்டுக்குப் போடுகிற தழை, ஒரு கொத்துக் கொழை. அதைக் காட்டிக் காட்டி ஓர் ஆட்டைக் கரை வரைக்கும் கூட்டி வந்தான். மற்றவன் அதன் வாயைப் பொத்தி, அலக்காகத் தூக்கி, டிக்கியில் போட்டு மூடினான். பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி அத்தனை பதவிசு.

சூடாமணிக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆனால் விசிலுக்குத் தொண்டை வேண்டாமே. மாவுக் கையோடு கயிற்றைப் பிடித்திழுத்து வாயில் வைத்தாள். அவள் ஊதிய ஊதில் வடகத்துக்குக் காவல் வைத்திருந்த கறுப்புக் குடையிலிருந்து காக்கை இரண்டு எழும்பிப் பறந்தன.

நகர் உடனே விழித்துக்கொண்டது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் விசில் பதில் சொன்னது. கதவுகள் திறந்தன. பெண்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள், ஆளுக்கு இரண்டு குடத்தோடு.

"லாரி எங்க? எந்தப் பக்கம் நிக்குது?" என்று நாகமணி கீழேயிருந்து கத்தினாள்.

"லாரி இல்லடீ! கார்! ஆட்டைத் தூக்கிட்டான்!"

"யாரு ஆட்டை?"

"நம்ம பாண்டியம்மா ஆட்டைடீ!"

சொல்லிக்கொண்டே செருப்புக்கூட இல்லாமல் மாடிப்படியில் உருண்டு புரண்டு இறங்கி, ரோட்டில் ஓடினாள். திருப்பிக்கொண்டு வந்த கார் அவளுக்கு முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது. பின்னால் குடங்களோடு பெண்கள் கூட்டம். குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. வழியில் பொட்டலேந்தலும் சேர்ந்துகொண்டது. விசில் இல்லாதவர்கள் வாயாலேயே கூப்பாடு போட்டார்கள்.

கேட்டில் சுருளி சோற்றில் கை வைத்த நேரம். 'மறுபடியுமா' என்றுதான் முதலில் நினைத்தாராம். ஆனால் இந்தத் தடவை விசில் நிற்கவே இல்லை; வரவர நெருங்கியது. எட்டிப் பார்த்தார். முன்னால் ஒரு கார், பின்னால் புழுதி, புழுதிக்குள் ஊரே. எப்படியும் தூத்துக்குடி வண்டி வருகிற நேரம்தான். கொஞ்சம் முன்கூட்டியே சாத்தினால் யார் கேட்கப்போகிறார்கள்? கைப்பிடியைச் சுற்றிக் கேட்டை இறக்கிப் பூட்டினார். சாவியை மடியில் சொருகிக்கொண்டு மிச்சச் சோற்றைப் பிசைந்தார்.

கார் கேட்டு முன்னால் வந்து கிரீச்சென்று நின்றது.

"அண்ணே, அவசரம்ணே, தெறங்கண்ணே! ஆஸ்பத்திரிக்குப் போறோம்!"

"யாருக்கு ஒடம்புக்கு?"

அந்த நேரம் பார்த்து டிக்கிக்குள்ளிருந்து "ம்மே" என்று சத்தம் வந்தது.

"அவருக்கா?" என்றார் சுருளி.

கூட்டம் வந்து சூழ்ந்துகொண்டது. முதலில் வந்து பானெட்டில் ஏறி உட்கார்ந்தவன் சின்னக்கருப்பன். கல்யாண விருந்துக்கு விலைக்கு வாங்கிய ஆடு என்று கார்க்காரர்கள் சத்தியம் செய்தார்கள். யாரிடம் வாங்கினீர்கள் என்றால், கண்மாயில் நின்ற பெரியவரிடம் என்றார்கள். அதற்குள் பாண்டியம்மாள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். டிக்கியைத் திறந்ததும், "ஏ என் செவலை!" என்று ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "சினை ஆடுடா பாவிகளா! இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்கிற சீவனையாடா பொட்டிக்குள்ள போட்டு மூடுனீக?"

அவ்வளவுதான். கூட்டம் கையை ஓங்கியது. ஒரு பிளாஸ்டிக் குடம் வெள்ளைச் சட்டைக்காரன் தலையில் இறங்கியது. இன்னொருவன் கேட்டுக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினான். சூடாமணி நடுவில் புகுந்து, காது கிழிய ஊதினாள். எல்லாரும் நின்றார்கள்.

"யாரும் அடிக்காதீங்க! ஏதாவது ஆயிட்டா நாமதான் கோர்ட்டுக்கு அலையணும். பிடிச்சு உக்கார வைங்க. ஏட்டையா வரட்டும்."

இவ்வளவு சத்தமாகத் தான் பேசியதே இல்லை என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

ஏட்டையா ராதாகிருஷ்ணன் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது, வழக்கம்போல எல்லாம் முடிந்திருந்தது. ஆனால் இந்த முறை களவாணிகள் அங்கேயே இருந்தார்கள். ஸ்டேஷனில் வைத்து விசாரித்ததில் வேட்டி, டைனமோ, ஊரில் போன ஆடுகள், அண்டா என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்கள். பொருள் ஒன்றும் கிடைக்கவில்லை. அண்டா எப்போதோ உருகி வேறு எதுவோ ஆகியிருந்தது.

சிக்கல் ஆட்டில் வந்தது. செவலையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய பாண்டியம்மாளை ஏட்டையா தடுத்தார்.

"கேஸ் சொத்தும்மா அது. கோர்ட்டு சொல்லாம குடுக்க முடியாது. இங்கதான் நிக்கணும்."

"அதுக்கு யாரு கொழை போடுவா? நீங்களா?"

ஏட்டையா ஸ்டேஷனைச் சுற்றிப் பார்த்தார். யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

ஆகவே மறுநாள் காலையிலேயே பாண்டியம்மாள் கொழையை வெட்டிச் சுமந்துகொண்டு ஸ்டேஷனுக்கு வந்தாள். சாட்சிக் கையெழுத்துக்காக அங்கே வந்த சூடாமணி, வேப்பமரத்தடியில் ஆட்டோடு உட்கார்ந்திருந்தவளைக் கண்டு தயங்கி நின்றாள். கையில் தூக்குவாளி.

"புளியோதரை" என்றாள்.

"ஆட்டுக்கா?"

"உங்களுக்குக்கா."

பாண்டியம்மாள் வாங்கிக்கொள்ளவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சூடாமணி மெல்ல உட்கார்ந்தாள்.

"அக்கா, அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்து பாக்காம இருந்தேனே, அது சந்தேகத்துல இல்ல. வந்தா உங்க முகத்தைப் பாக்கணுமேன்னுதான். சொன்னவுடனே தெரிஞ்சுபோச்சு, தப்பாச் சொல்லிட்டோம்னு. ஒத்துக்கத்தான் தைரியம் வரல."

"வெரட்டிக்கிட்டு ஓடுறதுக்கு மட்டும் தைரியம் இருந்துச்சோ?"

"அது யோசிக்காம ஓடிட்டேன்."

பாண்டியம்மாள் ஆட்டின் முதுகிலிருந்து ஓர் உண்ணியைப் பிடுங்கிப் போட்டாள். பிறகு, "அந்தப் பய சின்னக்கருப்பன் ஒரு வாரம் சோறு திங்கலை தெரியுமா? அவன்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிரு" என்றாள். தூக்குவாளி மூடியைத் திறந்தாள். "உப்பு தூக்கலா இருக்குமே ஒன் கையி."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கையிலேயே செவலை ஒரு மாதிரியாகக் கத்தத் தொடங்கியது. பாண்டியம்மாள் கையை உதறி எழுந்தாள். சூடாமணி சேலைத் தலைப்பால் வெயிலை மறைத்தாள். ஸ்டேஷன் மொத்தமும் வெளியே வந்து நின்று வேடிக்கை பார்த்தது. லாக்கப்புக்குள்ளிருந்து வெள்ளைச் சட்டைக்காரர்கள்கூடக் கம்பி வழியாக எட்டிப் பார்த்து, "என்னாச்சுண்ணே, நல்லபடியா ஈண்டுருச்சா?" என்று விசாரித்தார்கள். இரண்டு குட்டி. இரண்டும் கிடாய்.

ஏட்டையா தலையில் கை வைத்துக்கொண்டார். "எப்.ஐ.ஆர்.ல ஆடு ஒண்ணுன்னு எழுதி ஏற்கெனவே கோர்ட்டுக்குப் போயிருச்சு. இப்ப மூணா நிக்குதே!"

"கூடினா நல்லதுதானே? கொறஞ்சாத்தானே உங்களக் கேப்பாங்க?" என்றாள் பாண்டியம்மாள்.

மாஜிஸ்திரேட் தாயையும் குட்டிகளையும் அன்றே அனுப்பிவைக்கச் சொல்லிவிட்டார், கூப்பிடும்போது கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையோடு. சூடாமணி சின்னக்கருப்பனிடமும் போய்ச் சொன்னாள். அவன் வெட்கப்பட்டு, "இருக்கட்டும் மதினி, பானெட்டு சூட்டுலதான் தொடை வெந்துபோச்சு" என்று பேச்சை மாற்றினான். அந்த மாதமே ஊருக்குள்ளும் வீட்டுக்கொரு விசில் போனது. லாரிக்கு ஊதக் கூடாது என்று பாண்டியம்மாள் ஒரு கட்டுப்பாடு போட்டாள். சூடாமணி சொல்லிக் கேளாதவர்கள், பாண்டியம்மாள் சொன்னதும் கேட்டார்கள். பகலில் ஆண்கள் இல்லாத நேரம் நகர்ப் பெண்கள் மாடியிலிருந்து ஊரின் ஆட்டைப் பார்த்துக்கொண்டார்கள். காட்டில் நின்றவர்கள் நகரின் வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு களவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு தடவை வாளி போனது, ஒரு தடவை முருங்கைக்காய். ஆனால் புது ஆள் ஒருவன் மண்ரோட்டில் கால் வைத்தால், கண்மாய் வரை போவதற்குள் நாலு பேராவது அவனைச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவார்கள்.

வழக்கு விசாரணைக்கு வர நாளாயிற்று. அதற்குள் அந்தக் கிடாய்கள் இரண்டும் கொம்பு முளைத்து ஊரை முட்டிக்கொண்டு திரிந்தன. மதுரைக் கோர்ட்டில் முதல் சாட்சி சூடாமணி. எதிர்க்கட்சி வக்கீல் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்: "அவ்வளவு தூரத்துல, மாடியிலிருந்து, அது இந்தப் பாண்டியம்மாள் ஆடுதான்னு எப்படிம்மா அடிச்சுச் சொல்றீங்க?"

"அவங்களோட பேச்சு இல்லாதப்ப நான் பாத்துக்கிட்டிருந்ததே அந்த ஆடுகளைத்தாங்க" என்றாள் சூடாமணி.

மாஜிஸ்திரேட் குனிந்து எதையோ எழுதுவதுபோலச் சிரிப்பை மறைத்துக்கொண்டார். கார்க்காரர்களுக்குத் தண்டனை கிடைத்தது.

கோர்ட்டை விட்டு வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பாண்டியம்மாள் அத்தனை வயதில் மதுரையை ஒழுங்காகச் சுற்றிப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் சொன்னாள். கேட்டதும் சூடாமணி அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாசி வீதிகளுக்குள் புகுந்துவிட்டாள். கோயிலுக்குப் போனார்கள். வளையல் போட்டுக்கொண்டார்கள். தான் பிறந்த சந்தைக் காட்ட அழைத்துப் போனாள். சந்து முழுக்க வெளியே வந்து, இந்த அம்மா யார், எந்த ஊர், ஆடு எத்தனை, சாப்பிட்டாச்சா என்று கேட்டுத் தீர்த்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாய் காப்பி குடித்ததில் கடைசிப் பஸ்ஸுக்கு முந்தின பஸ் போய்விட்டது.

அவர்கள் கடைசிப் பஸ்ஸில் வந்து பொட்டலேந்தல் முனையில் இறங்கியபோது ரயில்வே கேட்டில் ஒரே கூட்டம். நாகசுப்பிரமணியன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சின்னக்கருப்பன் ஓடி ஓடி எல்லாப் பக்கமும் ஊதிக்கொண்டிருந்தான். நடுவில் ஏட்டையா ராதாகிருஷ்ணன், காணாமல் போன பெண்கள் இருவரும் என்ன நிறச் சேலை கட்டியிருந்தார்கள் என்று சுருளியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"பச்சை ஒண்ணு, மாம்பழக் கலர் ஒண்ணு" என்று பின்னாலிருந்து சொன்னாள் பாண்டியம்மாள், கை நிறையப் புது வளையலோடு.